சக்கரத்தைக் காட்டுங்கள்

சின்னப் பிள்ளைகளோடு சென்னை ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகிறீர்களா? காலையிலேயே போய்விடுங்கள். பழைய இன்ஜின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. வெயில் ஏறினால் இரும்பு சுடும். பிஞ்சுக் கை தாங்காது.

போனதும் பொம்மை ரயிலுக்கு ஓடாதீர்கள். முதலில் சக்கரத்தைக் காட்டுங்கள். ஸ்டேஷனில் பிளாட்பாரம் சக்கரத்தை மறைத்துவிடும். இங்கே குழந்தையின் கண்ணுக்கு நேரே சக்கரம்! அதன் உள்பக்கம் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். எவர்சில்வர் டப்பா மூடியை அதன் உள்விளிம்பு நழுவாமல் பிடிக்கிறது அல்லவா? அப்படித்தான். ரயில் தண்டவாளத்தை விட்டு விலகாமல் காப்பது அந்த விளிம்புதான். எவ்வளவு பெரிய இன்ஜின், அதைக் காப்பது இத்தனை சின்ன விளிம்பு! குழந்தையை அருகே நிறுத்தி, நிதானமாகப் பார்க்க விடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். கேள்வி வரும், வரட்டும்.