எண்ணெய்க் கசிவும் அதன் மூலமும்

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை செல்லும் சாலை, மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களினூடே செல்கின்றது. இத்தகைய மேடுபள்ளங்களில் நெடுங்காலம் உழைத்தது ஜீப் வண்டி. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் பெருவாரியாகச் செய்யப்பட்ட வண்டி இது.

மாணவ நண்பர்களே! ஜீப்பின் முன்சக்கரம் எஞ்சினின் விசையால் உருளவும் வேண்டும். ஓட்டுநர் திருப்பும் பக்கம் திரும்பவும் வேண்டும். இவ்விரண்டையும் இயலச் செய்வது முன் ஆக்சிலின் முனையிலுள்ள மூட்டு. பழைய ஜீப்புகளில் அது ஓர் இரும்புக் கோளத்துக்குள் கிரீஸில் தோய்ந்து இயங்கும். கோளத்தை உரசி நிற்கும் வெளிச் சீல், கிரீஸ் வெளியேறாமலும் சேறு உட்புகாமலும் காக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இம்மூட்டில் கசிவுள்ள ஒரு ஜீப்பை, அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவருடன் சேர்ந்து சோதித்தேன். வெளிச் சீலை இருமுறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. அவர் ஒரு சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தார். "கந்தக வாடை வருகிறது சார். இது கிரீஸ் இல்லை, கியர் ஆயில்" என்றார்.

வழி அச்சொல்லிலேயே புலப்பட்டது. கியர் ஆயிலுக்குரிய இடம் ஆக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி. அது கோளத்தை எட்டாமல் தடுப்பது உட்சீல். ஆகவே குற்றம் உள்ளே இருந்தது. உட்சீல் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம், அல்லது ஆக்சிலின் மேலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். ஓட்டத்தில் ஆக்சில் சூடேற, உள்ளிருக்கும் காற்று விரிகின்றது. வெளியேற வழியின்றேல் அந்த அழுத்தமே எண்ணெயைச் சீலுக்கு அப்பால் தள்ளிவிடும்.

பார்த்தபோது, காற்றுத்துளையைச் செம்மண் அடைத்திருந்தது. அதனைத் துப்புரவு செய்தோம். ஆக்சில் தண்டை உருவி உட்சீலை மாற்றினோம்; கோளத்தைக் கழுவிப் புதிய கிரீஸ் இட்டோம். சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தோம், ஆட்டமில்லை. ஆட்டமிருப்பின் திருகச்சின் பேரிங்கையும் சரிசெய்ய வேண்டும். இன்றேல் கோளம் ஒருபுறம் சாய்ந்து புதிய சீலையும் தேய்த்துவிடும். உப்புக்காற்றால் கோளத்தில் படிந்திருந்த இலேசான துருவை எமரித்தாளால் தேய்த்தோம். ஆழக் குழி விழுந்திருந்தால் கோளத்தையே மாற்ற நேரிடும். இறுதியாக, எண்ணெயை அளவுத் துளையின் மட்டத்துக்கு ஊற்றினோம். கசிவு நின்றது.

சிறு கசிவுதானே என்று எண்ணலாகாது. அந்த எண்ணெய் சக்கரத்தின் நடுவே ஊடுருவிப் பிரேக் கட்டைகளை நனைத்தால், இறக்கத்தில் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று வழுக்கும். வண்டி ஒருபக்கம் இழுக்கும். மலைச்சாலையில் அந்தப் பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம். வெளிச் சீலை மூன்றாம் முறை மாற்றியிருந்தாலும் அவ்வபாயம் நீங்கியிராது. கசியும் பொருள் எது, அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்னும் மூன்று வினாக்களை இவ்வரிசையில் கேட்ட பின்னரே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும்.