மங்கிய படமும் தெளிந்த சான்றும்



மோட்டார் வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னே, சாலையை நோக்கிய வண்ணம் பொருத்தப்படும் சிறு கேமராவை இந்நாளில் பலரும் அறிவர். 'டேஷ் கேமரா' என்பது அதன் பெயர். வண்டி ஓடும் நேரமெல்லாம் அது தன்முன் நிகழ்வனவற்றைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். விபத்து நேர்ந்தால் அப்பதிவே சாட்சியாகும். ஆனால், வேண்டிய வேளையில் எடுத்துப் பார்க்கும்போது படம் மங்கியும் புள்ளி படர்ந்தும் காணப்படுதல் உண்டு. அதனைத் தெளிவாக்குவது எங்ஙனம்? எவ்வளவு தெளிவாக்க இயலும்? எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மருந்துக்கு முன் நோயின் மூலத்தை நாடுவோம். படம் கெடுவதற்குரிய காரணங்கள் நான்கு.

முதலாவது, ஒளிக் குறைவு. வானொலிப் பெட்டியில் நிலையம் சரியாகப் பிடிபடாதபோது கரகரவென்று ஓர் ஓசை கேட்கின்றது அன்றோ? இரவில் எடுத்த படத்தில் தோன்றும் புள்ளிக்கூட்டமும் அத்தகையதே. அதனையும் 'இரைச்சல்' என்றே அறிஞர் வழங்குவர். ஒளி மழைத்துளிகளைப் போலத் தனித்தனித் துகள்களாக வந்து விழுகின்றது. முற்றத்தில் ஒரே அளவான கிண்ணங்களை வரிசையாக வைப்போம். கிண்ணம் ஒன்றுக்குச் சராசரியாக 10,000 துளிகள் விழுமாயின், கிண்ணத்துக்குக் கிண்ணம் வேறுபாடு ஏறத்தாழ 100 துளிகளே. அஃதாவது நூற்றுக்கு ஒன்று. சராசரி 100 துளிகளே எனின், வேறுபாடு 10, நூற்றுக்குப் பத்து. பகற்படம் வழுவழுப்பாகவும் இராப்படம் சொரசொரப்பாகவும் இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது, அசைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் வண்டி, வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கின்றது. கேமரா ஒரு தனிப்படத்துக்கு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஒளியை ஏற்குமாயின், அதற்குள் வண்டி 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எண்பலகையிலுள்ள எழுத்தின் கோடோ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிப்பே உடையது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இழுகிப் போவதில் வியப்பென்ன? ஒளியேற்கும் நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் இழுகல் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஆனால் ஒளியும் குறையும், இரைச்சல் மிகும். ஒன்றைத் திருத்தப் புகுந்தால் மற்றொன்று கெடுகின்றது. இராக்காலத்தில் இவ்விடர்ப்பாட்டுக்குத் தப்பிய கேமரா இல்லை.

மூன்றாவது, தொலைவு. இதனை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். குறுக்குவாட்டில் 1,920 படப்புள்ளிகள் உடைய கேமரா 120 பாகை அகலம் பார்க்கின்றது எனக் கொள்வோம். பாகை ஒன்றுக்கு 16 புள்ளிகள் ஆயின. அரை மீட்டர் அகலமுள்ள எண்பலகை 20 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை அளவே தோன்றும். ஆகவே பலகை முழுவதற்கும் கிடைப்பவை 23 புள்ளிகள். பலகையில் பத்து எழுத்துகள் இருப்பின், எழுத்தொன்றுக்கு இரண்டு புள்ளிகளே! இரண்டு புள்ளிகளைக் கொண்டு எட்டையும் மூன்றையும் எவரேனும் வேறுபடுத்தி எழுதிக் காட்ட இயலுமா? அதே பலகை 5 மீட்டர் அண்மையில் வந்தால் எழுத்தொன்றுக்கு ஒன்பது புள்ளிகள் கிடைக்கும், படிக்கலாம்.

நான்காவது, இடையில் நிற்கும் தடைகள். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் எண்ணெய்ப் படலம், லென்ஸின்மேல் தூசி, கண்ணாடியில் நிழலாடும் பொருள்களின் பிரதிபலிப்பு ஆகியவை ஒருபுறம். பதிவைச் சிறு இடத்தில் அடைப்பதற்காகக் கருவியே நுண்விவரங்களைச் சுருக்கி எறிவது மற்றொருபுறம்.

காரணம் அறிந்தபின் பரிகாரம் எளிது. வருமுன் காத்தலே சிறந்த பரிகாரம். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தல் வேண்டும். லென்ஸை மெல்லிய துணியால் துடைத்தல் வேண்டும். மழைநீர் வழிக்கும் துடைப்பான் எட்டும் பரப்புக்குப் பின்னே, அதிராதபடி கேமராவை இறுகப் பொருத்துதல் வேண்டும். பிரதிபலிக்கும் பொருள்களைக் கண்ணாடியின் கீழ்ப் பரப்பிலிருந்து அகற்றுதல் வேண்டும். பதிவின் தரத்தை உயர்ந்த நிலையில் வைத்து, அதற்கேற்ற கொள்ளளவுடைய நினைவு அட்டையை இடுதல் வேண்டும். பெரும்பாலும் செலவில்லாத இப்பணிகள் செய்யும் நன்மையைப் பின்னால் எந்தக் கணிப்பொறியும் செய்துவிட இயலாது.

பதிவான பின்னர்ச் செய்யத்தக்கவை யாவை? மூலப் பதிவைத் தொடாது காத்து, அதன் படியிலேயே திருத்தம் செய்தல் முதல் விதி. செய்தி அனுப்பும் செயலிகளின் வழியே அனுப்பினால் பதிவு மறுபடியும் சுருங்கக்கூடும். ஆதலின் மூலத்தை அப்படியே நகலெடுத்தல் நலம். இருண்ட படத்தின் ஒளியைக் கூட்டினால் மறைந்திருந்தவை தோன்றும். உடன் இரைச்சலும் தோன்றும். முகப்பு விளக்கால் முற்றும் வெளுத்துப்போன பலகையிலோ மீட்பதற்கு ஒன்றும் இல்லை.

இரைச்சலுக்கு ஒரு நல்ல மருந்து, ஒரே பொருளைக் காட்டும் பல தனிப்படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி காண்பது. நான்கு படங்களைச் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும். பதினாறு படங்களைச் சேர்த்தால் காற்பங்காகும். தமிழ் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஓர் ஏட்டை மட்டும் நம்பினாரல்லர். ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு உண்மைப் பாடம் கண்டார். சிதைந்த பாட்டுகளின் இடைவெளிகள் இன்றும் நம் பதிப்புகளில் புள்ளிகளாகவே நிற்கின்றன. கண்டதை ஒப்பிடு; காணாததைக் காணவில்லை என்று காட்டு. ஏட்டுக்குரிய இந்நெறியே படத்துக்கும் உரியது.

மங்கலின் காரணம் திட்டமாகத் தெரிந்தால் கணக்கினால் அதனை ஓரளவு நீக்கலாம். 1990-இல் விண்ணிற் செலுத்தப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் பிழைபடத் தேய்க்கப்பட்டிருந்தது. பிழையின் அளவு தெரிந்தமையால், வானியலார் கணக்கீட்டின் வாயிலாகப் படங்களைத் திருத்தினர். ஆயினும், 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தக் கருவிகளைப் பொருத்திய பின்னரே வேண்டிய தெளிவு கிட்டியது.

இனி எல்லைக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு கொண்ட மென்பொருள்கள் மங்கிய படத்தை நொடியிற் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன. தாம் முன்பு பயின்ற எண்ணற்ற படங்களைக் கொண்டு, 'இவ்விடத்தில் இஃது இருந்திருக்கலாம்' என்று அவை நிரப்புகின்றன. உல்லாசப் பயணத்தின் நினைவுப் படத்துக்கு அது தீங்கன்று. விபத்து செய்து ஓடிய வண்டியின் எண்ணுக்கு அது பெருந்தீங்கு. மூன்று என்பது எட்டாக நிரப்பப்பட்டால், குற்றமற்ற ஒருவர் வீட்டு வாயிலில் காவலர் சென்று நிற்பர். 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கிங் மாவட்ட நீதிமன்றம், கொலை வழக்கொன்றில் இவ்வாறு மெருகேற்றிய காணொளியைச் சான்றாக ஏற்க மறுத்தது. அம்முறையைத் தடயவியல் வல்லுநர் பொதுவாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் நான். மை கொட்டி மறைந்த சொல்லை ஆசிரியர் தாமே நிரப்பி மதிப்பெண் இடுவதும் முறையன்று, கழிப்பதும் முறையன்று.

மெருகில்லாத படமும் உண்மையாயிருந்தால் எத்துணைப் பயன் தரும் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 2013 பிப்ரவரி 15 காலையில், ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகே, ஏறத்தாழ 20 மீட்டர் அளவுள்ள விண்கல் வானிலேயே வெடித்தது. அதிர்ச்சியலையால் சன்னற் கண்ணாடிகள் சிதறி, ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். அந்நாட்டில் வண்டிகளில் கேமரா பொருத்தும் வழக்கம் பரவியிருந்தமையால், பல சாலைகளிலிருந்து அக்காட்சி பதிவாயிற்று. நெருப்புக்கோளத்தின் ஒளியில் பல படங்கள் வெளுத்துப்போயின. அறிஞர்கள் அவற்றுக்கு அழகு சேர்க்கவில்லை. படம் எடுக்கப்பட்ட இடங்களுக்கே இரவில் சென்று, விண்மீன்களைப் படம்பிடித்து, கேமராக்கள் நோக்கிய திசைகளை அளந்தனர். பல பதிவுகளை ஒப்பிட்டுக் கல் வந்த வழியையும், அது கதிரவனைச் சுற்றிய பாதையையும் கணித்தனர். செபார்குல் ஏரியில் விழுந்த அரை டன்னுக்கு மேற்பட்ட துண்டு, அவ்வாண்டு அக்டோபரில் வெளியே எடுக்கப்பட்டது.

மாணவர்களே, கருவியைத் தூய்மையாக வையுங்கள், மூலத்தைப் பேணுங்கள், பலவற்றை ஒப்பிடுங்கள், அறிந்த பிழையைத் திருத்துங்கள். படத்தில் இல்லாததை இருப்பதாக மட்டும் சொல்லாதீர்கள். 'தெரியவில்லை' என்று சொல்லும் மங்கிய படம், பொய் சொல்லும் தெளிந்த படத்தினும் மேலான சாட்சி.