ஓர் எண் விடுபட்டது

(செபராங் ஜெயாவில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் என் மகள் கணிதத்தில் 98 புள்ளிகள் வாங்கி வந்தாள். "மீதி இரண்டு எங்கே?" என்றேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அவளுக்காகத்தான் இன்று ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்தேன்.

வீட்டில் 10 வடை இருந்தால் 1, 2, 5, 10 பேருக்கு மீதியில்லாமல் பங்கிடலாம். 12 வடை என்றால் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகையில் பங்கிடலாம். 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளில் மிஞ்சும் எண்கள் உண்டு. நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம் என்கிறோமே, அந்த 24ம் 60ம் இந்த இனம்தான்.

இவற்றை ஆழமாக ஆராய்ந்தவர் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாதவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவர். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே இந்த எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை லண்டனில் வெளிவந்தது.

அதில் 102 எண்களைப் பட்டியலிட்டார். கணினி இல்லாத காலம். எல்லாம் கையால் போட்ட கணக்கு. கடைசி எண் 6,746,328,388,800. பதின்மூன்று இலக்கம்! இரண்டை ஆறு முறை, மூன்றை நான்கு முறை, ஐந்தையும் ஏழையும் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறை பெருக்கினால் அது வரும். அதற்கு 10,080 காரணிகள்.

ஆனால், பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293,318,625,600. காரணிகள் 5,040. அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். ராமானுஜனின் கடைசி எண்ணே வரும். அவ்வளவு அருகில் இருந்தும் கைநழுவியது.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று? இத்தகைய எண்ணில் பகா எண்கள் இடைவெளியின்றி வரிசையாக வரும், சிறிய பகா எண்ணைவிடப் பெரியது அதிக முறை வராது என்று அவர் காட்டியது இன்றும் அசையவில்லை. விடுபட்ட எண்ணும் அதே விதிக்குள்தான் அடங்குகிறது. இந்த ஆய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது.

பெற்றோர்களே, பிழையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் வழி சரியா என்று முதலில் பாருங்கள். வழி சரியென்றால், விடுபட்டதைப் பிள்ளையே ஒருநாள் கண்டுபிடிக்கும். இன்றிரவு என் மகளிடம், "அந்த 98ஐ எப்படியம்மா வாங்கினாய்?" என்று கேட்கப் போகிறேன்.