கணக்கும் தமிழும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் அவர்களைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று அப்பெரியாரை நாம் பெருமையுடன் குறிப்பிடுகின்றோம். ஆயின், அப்பதவியில் அவர் இருந்தது ஏறக்குறைய ஓராண்டே. அறுபதாண்டு வாழ்வை அவ்வோராண்டினுள் அடக்கிவிடுதல் முறையன்று.

செட்டியார் அவர்கள் 1892 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள் கோவையில் வணிகக் குடும்பமொன்றில் தோன்றினார். கடையும் ஆலையும் உடைய குடும்பம் அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற அவர், கடையோடு அமையாது பொதுவாழ்வு புகுந்தார். கோவை நகராட்சியில் தொடங்கி மத்திய சட்டசபைத் தலைவர் பதவி வரை உயர்ந்தார். 1932 இல் ஒட்டாவா வாணிப மாநாட்டிலும், 1944 இல் பிரெட்டன் உட்ஸ் நாணய மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராய் அமர்ந்தார். 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாகப் பணியாற்றினார்.

1947 நவம்பர் 26 அன்று அவர் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம் ஏழரை மாதத்திற்குரியது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, பற்றாக்குறை 26.24 கோடி. நாடு இரண்டாகிக் குடிமக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்த நாளில் எழுதப்பெற்ற கணக்கு அது. காங்கிரஸ் கட்சியைச் சாராதவரான அவரிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பெற்றது அவரது புலமைக்குச் சான்றாகும்.

வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைக்கும் பேரேட்டை நம் முன்னோர் பேரேடு என்று ஏற்கமாட்டார்கள். ஆதலின் ஒன்றை ஒளிக்காமல் கூறுகின்றேன். வருமான வரி விசாரணைக் கமிஷனிடம் சென்ற வழக்குகளுள் சில திரும்பப் பெறப்பட்டமை குறித்து வினா எழுந்தது; 1948 ஆகஸ்டில் அவர் பதவி துறந்தார். நம்மவர் என்பதற்காக இதனை விட்டுவிடின், நாம் கூறும் புகழையும் பிறர் நம்பார்.

பதவி நீங்கிய பின் அவரிடம் எஞ்சியது யாது? தமிழே எஞ்சியது. ஓய்வு வந்தபின் பொழுதுபோக்கிற்காகத் தேடிக்கொண்ட தமிழன்று அது. நிதியமைச்சராவதற்கு முந்திய ஆண்டாகிய 1946 இலேயே சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்திற்கு அவர் எழுதிய உரை அச்சேறிவிட்டது. தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கவேண்டும் என்ற தமிழிசை இயக்கத்திலும் அவர் முன்னின்று உழைத்தார். 1951 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1953 மே மாதம் மறைந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட நூலின் பொருத்தத்தை நோக்குங்கள். புகார்க்காண்டம் வணிகர் வாழ்ந்த பட்டினத்தின் கதை. பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தில் பிறந்த ஒருவன் அதனை இழக்கும் கதை. அந்நூலின் ஆசிரியர் சேர மரபினர் என்பர். பழைய சேர நாட்டின் ஒரு பகுதியாகிய கொச்சியை ஆறாண்டு நிருவகித்தவர் அதற்கு உரை வகுத்தார். வணிகன் மகன் வணிகர் காப்பியத்தைத் தன் வீட்டு வரலாறுபோல் உரிமையோடு கற்றான் என்றே யான் கருதுகின்றேன்.

இளைஞர்களே! உங்களுட் பலர் வங்கியிலும் தணிக்கைத் துறையிலும் சேர்கின்றீர்கள், மகிழ்ச்சி. ஆனால் “கணக்கு சோறு போடும், தமிழ் என்ன தரும்?” என்று வகுப்பறையில் மாணாக்கர் வினவக் கேட்கின்றேன். பெற்றோர் சிலரும் அதனையே கூறுகின்றனர். அவர்கட்கு யான் கூறும் விடை இப்பெரியாரின் வாழ்க்கையே. நாற்காலி ஒருநாளிற் போய்விடும். ஓய்வு நாள் வரட்டும், பிறகு படிப்போம் என்று ஒத்திவைப்போர்க்கு, அந்நாளில் ஏட்டைத் திறக்கும் பழக்கமே இராது. அலுவலின் நடுவே நாடோறும் சிறிது நேரம் ஒதுக்கிச் சேர்த்த கல்வியே முதுமையில் கைகொடுக்கும். கணக்கறிந்த குலத்தார்க்குச் சிறுசேமிப்பின் பயனை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.