தொண்டையை அறிவோம், துணிந்து பாடுவோம்

(பாடகர் குழுப் பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



விழா ஆண்டில் எங்கள் தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். பாட்டுப் பழக்கிய நாங்கள், “அடிவயிற்றிலிருந்து பாடு”, “இன்னும் சத்தமாய்ப் பாடு” என்றே பல ஆண்டுகள் சொல்லிவந்தோம். உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது எங்களுக்கே தெரியாது. மகரக்கட்டு உடைந்த பையன் ஒருவனை, “உனக்குக் குரல் போய்விட்டது, பின்வரிசையில் உட்கார்” என்றோம். போனவன் பிறகு பாடவே வரவில்லை.

அவன் குரல் போகவில்லை, வளர்ந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் ஆண்பிள்ளைகளின் குரல்வளை பெரிதாகிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. புதிய அளவுக்குத் தசைகள் பழகும்வரை குரல் தடுமாறும், பிறகு நிலைபெறும். இதை அன்று சொல்லியிருந்தால் அவன் அஞ்சியிருக்க மாட்டான்.

தஞ்சைத் தரணியில் குரலை விளக்க நாயனமே போதும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் குழலை அறிவீர்கள். சீவாளி காற்றில் அதிர்கிறது. குழல் அந்த ஒலிக்கு வளம் சேர்க்கிறது. நம் குரல்வளையிலும் சீவாளிபோல இரண்டு இதழ்கள் உண்டு. ஆண்களுக்கு அவற்றின் நீளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்; பெண்களுக்கு அதனினும் குறைவு. தொண்டையும் வாயுமே குழல். ஐந்து கட்டைச் சுருதியில் ஒரு பெண் ஆதார சட்ஜம் பிடித்தால், அவை நொடிக்கு ஏறத்தாழ 200 முறை சேர்ந்து விலகுகின்றன. கழுத்தை இறுக்கிக் கத்தினால் அவை மோதி வீங்கும், தொண்டை கட்டிக்கொள்ளும்.

மூச்சுக்காற்று அடிவயிற்றுக்குள் போவதில்லை. நுரையீரலுக்கு அடியிலுள்ள உதரவிதானம் இறங்கும்போது வயிறு தானே முன்வருகிறது. ஆகவே மூச்சு வாங்கும்போது தோளை உயர்த்தாதீர்கள்; வயிற்றை இறுக்காதீர்கள். நாம் அருந்தும் பனங்கற்கண்டுப் பால் குரல்நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். உடலில் நீர் குறையாதிருந்தால்தான் அவை ஈரமாயிருக்கும். எனவே பாடுவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே தண்ணீர் குடியுங்கள்.

உயிரோடுள்ள மனிதர் பாடும்போது குரல்நாண்கள் அசைவதைக் கண்டு, 1855-ல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தவர் மருத்துவரல்லர். மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துத் தம் குரல்வளையையே பார்த்தார் அவர். நம் தஞ்சையிலும் 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெரும் இசை நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவரே. பாட்டறிவுக்கு உடலறிவு அந்நியமன்று.

அன்புச் செல்வங்களே! உள்ளே நடப்பது தெரியாதபோது அச்சம் வருகிறது. அச்சத்தில் கழுத்து இறுகுகிறது. தெரிந்தவர் குரலை விரட்டமாட்டார். எட்டாத சுருதியானால் ஆர்மோனியத்தை இறக்கச் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். வலித்தால் நிறுத்துங்கள். மூன்று வாரம் கடந்தும் குரல் கம்மலாகவே இருந்தால் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மகரக்கட்டு உடைந்த தம்பிகள் யாரேனும் வீட்டில் இருந்தால், வரும் ஞாயிறு அழைத்து வாருங்கள். முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம்.