வாய் ஆபரேசனுக்குப் பிறகு: விழுங்கவும் பேசவும் பழகுவது

(பிள்ளைக் காம்பரா முன்றலில் நாம் நிகழ்த்திய பேச்சு)



மலையிலிருந்து இறங்கிய களைப்போடு வந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேச மாட்டோம்.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்குத்தான். பாக்கும் பொயிலையும் மெல்லுகிற நம்ம பொம்பிளைகளையும் அது விடுவதில்லை. வெத்திலையைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். இன்று, ஆபரேசன் முடிந்து லயத்துக்குத் திரும்பியவர்களைப் பற்றி.

மேல் டிவிஷனில் ஒரு அக்கா. நாக்கில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். மூக்குக் குழாயைக் கழற்றி அவர் வீடு வந்த அன்று பார்க்கப் போனோம். "வாய் காஞ்சு கிடக்கே, கொஞ்சம் சாயத் தண்ணி குடிங்க அக்கா" என்று நாங்களே கொடுத்தோம். ஒரு மடக்குத்தான். புரையேறி, மூச்சு முட்டி, அவர் பட்ட பாடு! அது எங்க பிழை.

சாப்பாட்டை உருட்டிப் பின்னுக்குத் தள்ளுவது நாக்கு. அது குறைந்துபோனால், தண்ணி மாதிரி லேசானது கட்டுப்பாடில்லாமல் ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்த அக்காவுக்குக் கொஞ்சம் கெட்டியான குரக்கன் கஞ்சி ஒத்து வந்தது. வேறொருவருக்கு அந்தக் கெட்டியே தொண்டையில் நிற்கலாம். ஆகவே எது சரி என்று ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்துக் காம்பராக்காரர் சொல்ல வேண்டாம். படுத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னக் கரண்டியால் ஒவ்வொரு வாயாக. வாயில் இருப்பது இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரமாவது சாயாதீர்கள். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் கரகர என்று ஈரமாகக் கேட்டாலோ நிறுத்துங்கள். அதற்குப் பின் காய்ச்சலும் சளியும் வந்தால் டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரிக்கே போங்கள். நெஞ்சுக்குள் சளிக்காய்ச்சலாக மாறியிருக்கலாம்.

பேச்சு விஷயம் வேறு. ப, ம இரண்டும் உதட்டால் வருவதால் 'அம்மா' சீக்கிரம் வந்துவிட்டது. ட, ல, ள, ழ, ர எல்லாம் நாக்கு நுனி வேலை. நம்ம அக்காவுக்குக் 'கொழுந்து' என்ற சொல்லே வரவில்லை. முப்பது வருசம் பறித்த கொழுந்து! பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு மாதம் யாரோடும் பேச்சில்லை. நோயைவிட அதுதான் அவரை வாட்டியது என்பது எங்கள் எண்ணம்.

பிறகு கண்ணாடி முன்னால் தினமும் கொஞ்ச நேரம், நாலைந்து தடவையாகப் பழகினார். வேகம் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக. கேட்கிறவர்களும் ரேடியோவை நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். விளங்காவிட்டால் "திரும்பச் சொல்லுங்க" என்று கேளுங்கள். விளங்கின மாதிரித் தலையாட்டாதீர்கள், அது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கரண்டெனும் கதிர்ச் சிகிச்சை பிடித்தவர்களுக்குத் தாடை இறுகி வாய் திறப்பு குறையலாம். சொல்லிக் கொடுத்த வாய்ப் பயிற்சியை வலி குறைந்ததும் விட்டுவிடாதீர்கள்.

மஹரகமவுக்கோ பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்கோ கிளினிக் போகும்போது, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பயிற்சியைச் சொல்லித்தரும்போது அவரும் உள்ளே இருக்கட்டும். அக்காவோடு போனது அவருடைய மூத்த மகன். இப்போது அக்கா சொல்லும் 'கொழுந்து' முழுசாக வருவதில்லை, ஆனால் கங்காணிக்கு விளங்குகிறது.