மூச்சு வாங்குது, ஆனா கோளாறு நுரையீரல்ல இல்லை

இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸான விஷயம்.

ரெண்டு, மூணு மாசக் குழந்தை வேகவேகமா மூச்சு விடுது, பால் குடிக்க மாட்டேங்குது. நிமோனியாவோன்னு பயப்படுவோம். பல நேரம் அது சரியாவும் இருக்கும். ஆனா சில குழந்தைகளுக்கு நுரையீரல்ல கிருமியே இருக்காது. அலர்ட் ஒரு சர்வர்ல அடிக்கும், பக் வேற எங்கேயோ இருக்கும்ல, அந்த மாதிரி.

சர்க்கரையை உடம்பு சக்தியா மாத்த தயமின், அதாவது வைட்டமின் பி1 வேணும். அது குறைஞ்சா ரத்தத்துல லாக்டிக் அமிலம் சேரும். அதை ஈடுகட்ட, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுறதுக்காகக் குழந்தை மூச்சை இறைக்கும். இதயமும் திணறும். இன்னொரு அடையாளம், கேட்டதும் எனக்குத் தூக்கமே வரல: குரல்வளை நரம்பு பாதிச்சா குழந்தை வாயைத் திறந்து அழும், சத்தம் வராது.

பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனை டாக்டர்கள் இப்படி வந்த, தாய்ப்பால் மட்டுமே குடிச்ச குழந்தைகளைப் பத்தி 2021-ல எழுதினாங்க. நரம்பு வழியா தயமின் ஏத்தினதும் 24 முதல் 48 மணி நேரத்துல முன்னேற்றம் தெரிஞ்சுது. அம்மாக்கள் சாப்பிட்டது, பிரசவத்துக்குப் பிறகான கட்டுப்பாட்டுச் சாப்பாடு. பெரும்பாலும் தீட்டின வெள்ளை அரிசி.

நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருவண்ணாமலை (கிரிவலம் போற ஊர் இல்லைங்க, நம்ம பெருமாள் மலை) பக்கமும் பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் உண்டு. பூண்டுக் குழம்பைக் குறை சொல்லல. பருப்பு, காய், முட்டை எல்லாத்தையும் நிறுத்தி, வெறும் ரசம் சாதமா ஓட்டினாத்தான் சிக்கல். இதுல புழுங்கல் அரிசி நமக்குக் காவல். நெல்லை உமியோட அவிக்கும்போது பி1 அரிசிக்குள்ள இறங்கிடும். தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். குன்னூர் ஆய்வுக்கூடத்துல அய்க்ராய்ட் குழு இதைப் பத்தி 1940-லயே எழுதியாச்சு.

பரம்பரையா வர்ற கோளாறும் இருக்கு. பயோட்டினிடேஸ்னு ஒரு நொதி குறைஞ்சா, பயோட்டின் வைட்டமினை உடம்பால திரும்பப் பயன்படுத்த முடியாது. வலிப்பு, தோல் தடிப்பு, முடி உதிர்வோட, மூச்சு இழுக்கும்போது கரகரன்னு சத்தம், சில நேரம் மூச்சே நின்னு நின்னு வர்றதும் உண்டு. மருந்து, தினமும் வாய்வழி பயோட்டின், வாழ்நாள் முழுக்க. லேட்டானா போன காது கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்பாது.

இப்படி மூச்சு வாங்கினா நீங்களா வைட்டமின் வாங்கிக் கொடுத்துட்டுக் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. அழுகைச் சத்தம் மாறியிருந்தா சொல்லுங்க. அம்மா என்ன சாப்பிடுறாங்கன்னு டாக்டர் கேக்கலைன்னாலும் சொல்லிடுங்க.